சதுர்வேதிமங்கலம்: சொல்லும் பொருளும்

சோழர், பல்லவர் கல்வெட்டுகளைப் படிப்பவர் கண்ணில் திரும்பத் திரும்பப் படும் ஊர்ப்பெயர் ஈறு இது. 'சதுர்' என்றால் நான்கு. 'சதுர்வேதி' நான்கு வேதமும் ஓதியவர். இரண்டும் வடமொழி. மங்கலமும் அங்கிருந்து வந்ததே என்றாலும் 'மங்கலம் என்ப மனைமாட்சி' என்று குறளே எடுத்தாளும் அளவுக்குத் தமிழில் ஊறிய சொல்.

வேதம் ஓதும் அந்தணர்க்கு அரசன் கொடையாகக் கொடுத்த ஊருக்கு இப்பெயர் வைத்தார்கள். பிரமதேயம் என்பது அந்தணர்க்குத் தரும் நிலக்கொடையின் வகை. சதுர்வேதிமங்கலம் ஊரின் பெயர். இரண்டையும் ஒன்றாக எழுதுவது பிழை.

இவற்றில் பல முன்பே வேறு பெயரோடு இருந்த ஊர்கள். பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டுக் காசக்குடிச் செப்பேடு, கொடுகொள்ளி என்ற ஊரை ஏகதீரமங்கலம் ஆக்கிக் கொடுத்ததைச் சொல்கிறது. பல்லவர் கால வழக்கப்படி நாட்டார், அதாவது அந்த நாட்டுப் பிரிவின் சபையார், எல்லையை நடந்து, கல்லும் கள்ளியும் நாட்டிக் காட்டுவார்கள். அந்த நடையோடு ஊர் கைமாறும்.

அங்கே இருந்த குடிகள் என்ன ஆனார்கள்? கொடை ஆவணங்களில் வரும் இரண்டு சொற்களைக் கவனிக்க வேண்டும். 'குடிநீக்கி' என்றிருந்தால் பழைய குடிகளின் உரிமை விலக்கப்பட்டது. 'குடிநீங்கா' என்றால் அவர்கள் உரிமை நிலைத்தது. ஓர் ஊரின் வரலாறே இந்தச் சிறு வேறுபாட்டில் நிற்கிறது. ஆய்வாளர்கள் பலர் அரசன் பெயரில் நின்றுவிட்டு, குடிகளைப் பற்றிய இச்சொல்லைக் கடந்துபோவது எனக்கு வருத்தமே.

நீண்ட பெயரை மக்கள் வாய் தாங்கவில்லை. மதுராந்தக சதுர்வேதிமங்கலம் மதுராந்தகம் ஆயிற்று. குடவோலைக் கல்வெட்டால் புகழ்பெற்ற உத்தரமேரு சதுர்வேதிமங்கலம் இன்று உத்திரமேரூர். திரிபுவனமாதேவி சதுர்வேதிமங்கலம் புதுச்சேரிப் பக்கத்துத் திருபுவனை. வீரநாராயண சதுர்வேதிமங்கலம் காட்டுமன்னார்கோயில் ஆகிவிட்டது. பழம்பெயரின் மிச்சம் வீராணம் ஏரியில்தான் இருக்கிறது.

தமிழில் எப்படிச் சொல்லலாம்? பொருளை விளக்க 'நான்மறையோர் ஊர்' பொருந்தும். மங்கலம் என்ற ஈற்றுக்கு 'நல்லூர்' என்பேன். அது நான் கட்டிய சொல்லன்று: சோழர் காலத்திலேயே அரசன் பெயரோடு சேர்த்து ஊர்களுக்கு இட்ட ஈறு, குலோத்துங்கசோழநல்லூர் என்பது போல. ஆனால் கல்வெட்டை மேற்கோள் காட்டும்போது சதுர்வேதிமங்கலம் என்றே எழுதுங்கள். பெயரை மாற்றினால் ஊரை அடையாளம் காண வழியிராது.