மருந்தடிக்காத துண்டு

கோத்தகிரிப் பக்கம் தேயிலை வைத்திருப்பவர்களுக்குக் கொப்புள நோயைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மழையும் மூடுபனியும் சேர்ந்தால் இளங்கொழுந்தில் கிளம்பும். வெயில் வந்தால் தானே அடங்கும். மழை ஓய்கிற நேரத்தில் புது மருந்தை அடித்துவிட்டு "கேட்டுவிட்டது" என்று சொன்னால் நம்ப முடியுமா? அதனால்தான் மருந்தைச் சோதிப்பவர்கள் ஒரு துண்டை மருந்தடிக்காமல் விட்டுவைக்கிறார்கள்.

குற்றத்தைத் தடுக்க அரசு பணம் போடும் திட்டங்களையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும். ஊட்டியில் கோடை சீசன் முடிந்து ஜூனில் ரோந்தைக் கூட்டினால், ஜூலையில் பிக்பாக்கெட் புகார் குறையலாம். ரோந்தாலா, கூட்டம் மலையிறங்கியதாலா? ரோந்து கூடாத இன்னோர் இடத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும். எந்த இடம் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவுசெய்ய வேண்டும். அதிகாரி தேர்ந்தெடுத்தால், சுறுசுறுப்பான ஸ்டேஷன்களே ஒரு பக்கம் சேர்ந்துவிடும்.

இதை விட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1939-ல் தொடங்கிய ஒரு திட்டத்தில் 506 சிறுவர்களை ஜோடி ஜோடியாகப் பொருத்தி, நாணயம் சுண்டி, ஒருவனுக்கு மட்டும் ஆலோசகர், டியூஷன், மருத்துவ உதவி, கோடை முகாம் எல்லாம் கொடுத்தார்கள். சுமார் 30 ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற குற்றவியல் ஆய்வாளர் அவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டபோது, உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர் "நல்லதுதான் செய்தது" என்றார்கள். ஆவணங்கள் வேறு சொல்லின. அவர்களிடம் குற்றம் குறையவில்லை. மீண்டும் குற்றம் செய்தவர்களும் குடிக்கு அடிமையானவர்களும் அவர்களில்தான் அதிகம். அன்போடு செய்த உதவி இப்படி முடிந்ததைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. ஒப்பிட இன்னொரு பாதி இல்லையென்றால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

எதை எண்ணுகிறோம் என்பதிலும் சிக்கல் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் 180 காவல் நிலையங்களைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பெண்கள் உதவி மையங்களைச் சோதித்தார்கள். முடிவு 2022-ல் வெளியானது. மையம் இருந்த நிலையங்களில் பெண்களின் வழக்குகள் அதிகமாகப் பதிவாகின. வன்முறை கூடிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பாமல் எழுதி வாங்கினார்கள்.

பந்தலூர் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருக்கும் பெண் ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் பிடித்துத்தான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அங்கே இப்படி ஒரு மையம் திறந்தால், முதல் வருடம் புகார் ஏறும், ஏற வேண்டும். அடி குறைந்ததா என்று அறிய லயம் லயமாகப் போய், "நடந்ததா?", "போய்ச் சொன்னீர்களா?" என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், மையம் இன்னும் வராத லயத்திலும் கேட்க வேண்டும். அந்த லயத்தை நிரந்தரமாக ஒதுக்க வேண்டியதில்லை. எல்லா ஊருக்கும் ஒரே ஆண்டில் பணம் வருவதில்லை. யாருக்கு முதலில் என்பதைக் குலுக்கலுக்கு விட்டாலே போதும்.