ஃபேன் ஆர்ட், வேரியண்ட், ஃபேக்மான்: தமிழில் என்ன சொல்லலாம்?

தண்டையார்பேட்டையில் இருக்கும் என் அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில், போக்கிமான் என்ற வீடியோ கேமில் வரும் உயிர்களை வரைய ஆரம்பித்தவள், இப்போது அதற்கென்றே தனி நோட்டு வைத்திருக்கிறாள். கேமில் இருப்பதை அப்படியே பார்த்து வரைவதோடு நிற்பதில்லை. ‘இது நம்ம ஊர்ல இருந்தா எப்படி இருக்கும்?’ என்று யோசித்துப் புதிதாக ஒன்றை வரைவாள். அவளுடைய படங்கள் பள்ளிக் கண்காட்சிக்குத் தேர்வாயின. படத்துக்குக் கீழே தமிழில்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ‘ஃபேன் ஆர்ட்’ என்று கைப்பேசியில் போட்டுப் பார்த்தால் ‘விசிறிக் கலை’ என்று வந்திருக்கிறது.

“இன்னா மாமா இது, பனையோலை விசிறி வரைஞ்ச மாதிரி இருக்கு” என்றாள்.

அவள் சொன்னது சரிதான். ஆனால் அந்தத் தவறு கைப்பேசி புதிதாகச் செய்தது இல்லை. நாமே பல காலமாகச் செய்துவருவது. ‘நான் உங்கள் தீவிர விசிறி’ என்று எழுதாத ரசிகர் கடிதம் உண்டா? ஆங்கிலத்தில் ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு ‘ஃபேன்’கள் இருக்கின்றன. காற்று வீசும் ஃபேன், லத்தீனில் ‘வன்னுஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. வன்னுஸ் என்றால் தானியம் புடைக்கும் கூடை, அதாவது நம் வீட்டு முறம். ரசிகர் என்ற பொருளில் வரும் ஃபேன் வேறு. அது ‘ஃபனாட்டிக்’ என்பதன் சுருக்கம் என்று பெரும்பாலான அகராதிகள் சொல்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பேஸ்பால் மைதானங்களில் அந்தச் சுருக்கம் பரவியது. ‘ஃபனாட்டிக்’குக்கு வேர் லத்தீன் ‘ஃபானும்’. அதன் பொருள் கோயில். கோயிலில் சாமி வந்து ஆடுபவரைக் குறித்த சொல், பிறகு வெறிகொண்டவரைக் குறித்து, கடைசியில் மைதானத்தில் கத்துகிறவரிடம் வந்து சேர்ந்தது. முறமும் கோயிலும் ஆங்கிலத்தில் ஒரே ஒலியில் கலந்துவிட்டன. நாம் முறத்தை எடுத்து மொழிபெயர்த்துவிட்டோம்.

அதனால் ‘விசிறி’யை இந்தப் பொருளில் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ‘ரசிகர்’ இருக்கிறதே. வடமொழி ‘ரச’த்திலிருந்து வந்தது, சாறு, சுவை என்று பொருள். சாப்பாட்டில் சாம்பாருக்கு அடுத்து வரும் ரசமும் அதே சொல்தான். வடமொழி வேண்டாம் என்பவர்களுக்கு ‘சுவைஞர்’ என்ற நல்ல தமிழ்ச்சொல் உண்டு. ஆனால் தெருவுக்குத் தெரு ரசிகர் மன்றப் பலகை நிற்கிற ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் ‘சுவைஞர்’ என்றால் ஒரு நொடி யோசிப்பார்கள், ‘ரசிகர்’ என்றால் யோசிக்க மாட்டார்கள். ஆர்ட்டுக்கு ‘ஓவியம்’ போதும். அது சங்கப் பாடல்களில் ‘ஓவம்’ என்ற வடிவிலேயே வருகிற பழைய சொல். ஆக, ஃபேன் ஆர்ட்டுக்கு ‘ரசிகர் ஓவியம்’. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கஷ்டம் அடுத்த சொல்லில்தான் ஆரம்பித்தது. அவள் நோட்டில் ‘எண்ணூர் வேரியண்ட்’ என்று எழுதியிருந்தாள்.

இதைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். போக்கிமான் என்பது ‘பாக்கெட் மான்ஸ்டர்ஸ்’ என்பதன் சுருக்கம். கேம் ஃபிரீக் நிறுவனம் உருவாக்கிய முதல் இரண்டு விளையாட்டுகள் 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளியாயின. அப்போது மொத்தம் 151 உயிர்கள். அதைத் தொடங்கிய சதோஷி தஜிரி, சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர். அந்த ஆசைதான் விளையாட்டுக்கு விதை. இருபது ஆண்டு கழித்து 2016இல் வந்த விளையாட்டில், ஹவாய்த் தீவுகளை மாதிரியாக வைத்து அலோலா என்ற நிலப்பகுதியைப் படைத்தார்கள். பழைய போக்கிமான்கள் சில அங்கே வேறு உருவத்தில் இருந்தன. நெருப்பு வகையைச் சேர்ந்த வல்பிக்ஸ் என்ற நரி, பனிமலையில் குடியேறி வெள்ளையாகி, பனி வகையாக மாறியிருந்தது. கிரைமர் என்ற ஊதா நிறச் சகதிப் பூதம், குப்பையைத் தின்பதற்காகவே அங்கே கொண்டுவரப்பட்டு, தின்ற குப்பையால் பச்சையும் மஞ்சளுமாக ஆகியிருந்தது. அதே உயிர்தான், வாழும் இடம் வேறு, அதனால் உடம்பும் வேறு. இதைத்தான் ‘ரீஜனல் வேரியண்ட்’ என்கிறார்கள்.

இந்த வரிசையில் என்னை உலுக்கியது 2019இல் வந்த கோர்சோலா. முதலில் அது இளஞ்சிவப்புப் பவளம், பார்க்கவே துறுதுறுவென்று இருக்கும். பிரிட்டனை மாதிரியாகக் கொண்ட கேலார் பகுதியில் அதன் வேறுருவம் வெளிறிய வெள்ளை, பேய் வகை. தட்பவெப்பம் திடீரென மாறியதால் பழங்காலத்திலேயே செத்துப்போன பவளம் அது. குழந்தைகள் விளையாட்டில் இப்படி ஒன்றை வைக்கத் துணிந்தவர்களை மதிக்கிறேன். என் அக்கா மகளுக்கும் எண்ணூர் யோசனை அதைப் பார்த்துத்தான் வந்தது.

சரி, வேரியண்ட். இதன் வேர் லத்தீன் ‘வாரியுஸ்’: பல நிறமான, வேறுவேறான. தமிழில் இதற்கு ‘வகை’ என்பார்கள், ‘மாறுபாடு’ என்பார்கள். வகை என்பது ரொம்ப அகலம். வஞ்சிரமும் சங்கராவும்கூட மீன் வகைதான். மாறுபாடு என்பது தன்மையைச் சொல்கிறதே தவிர, மாறி நிற்கும் பொருளைச் சொல்லவில்லை. கொரோனா காலத்தில் பத்திரிகைகள் ‘உருமாறிய கொரோனா’ என்றும் ‘திரிபு’ என்றும் எழுதின. அந்தத் ‘திரிபு’ எனக்குப் பிடித்திருந்தது. சொன்னேன். அவள் முகம் சுளித்தாள்.

“திரிஞ்சு போச்சுன்னா கெட்டுப் போச்சுன்னு தானே மாமா? பால் திரிஞ்சா கீழ ஊத்திடுவாங்க.”

நியாயமான கேள்வி. வரலாற்றைத் திரிக்கிறார்கள் என்று பேப்பரில் வந்தாலும் அது வசவுதான். ஆனால் ‘திரி’ என்ற வேருக்கு முதற்பொருள் கெடுவது இல்லை. சுழல்வது, திரும்புவது, முறுக்கிக்கொள்வது. பஞ்சை முறுக்கினால் விளக்குத் திரி. தெருத்தெருவாகச் சுற்றினால் திரிவது. ஒன்று தன் நிலையிலிருந்து வேறு பக்கம் திரும்பினால் திரிபு. நல்லதா கெட்டதா என்பது அந்தச் சொல்லுக்குள் இல்லை. பாலுக்கு அது கேடு, பஞ்சுக்கு அது வெளிச்சம்.

இலக்கணத்தில் போய்ப் பார்த்தால் இன்னும் தெளிவு. இரண்டு சொற்கள் சேரும்போது ஏற்படும் மாற்றத்தை நன்னூல் மூன்றாகப் பிரிக்கிறது: தோன்றல், திரிதல், கெடுதல். பூவும் கொடியும் சேர்ந்தால் நடுவில் ஓர் எழுத்து புதிதாக வந்து பூங்கொடி. பொன்னும் குடமும் சேர்ந்தால் ஓர் எழுத்து வேறாகிப் பொற்குடம். மரமும் வேரும் சேர்ந்தால் ஓர் எழுத்து போய் மரவேர். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது எனக்கு இது சலிப்பாக இருந்தது. அவள் வரைந்த நண்டை முன்னால் வைத்துக்கொண்டு மறுபடி யோசித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு புதிய வடிவத்தை உருவாக்க இந்த மூன்று வழிதானே இருக்கிறது? ஒன்றைச் சேர்க்கலாம், ஒன்றை மாற்றலாம், ஒன்றை எடுத்துவிடலாம்.

அந்த நண்டைப் பற்றிச் சொல்கிறேன். கிராபி என்பது முதல் 151இல் ஒன்று. செம்மஞ்சள் நிற நண்டு, நீர் வகை. அதை எண்ணூர்க் கழிமுகத்தில் விட்டால் என்ன ஆகும் என்பதுதான் அவளுடைய கேள்வி. கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் அந்த இடத்தில் இறாலும் பச்சை நண்டும் பிடித்துப் பிழைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் அங்கே படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து கழிமுகம் முழுக்கக் கறுத்தது. கூழைக்கடாக்கள் இறகெல்லாம் எண்ணெயாக நின்றதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மட்டி, நம் மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்று பெயர் வைத்திருப்பது, ஆற்றின் அடித்தரையில் கம்பளம் போலப் பரவி இறால் தங்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அவள் வரைந்த நண்டின் முதுகில் காக்கா ஆழி கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கிறது. அது தோன்றல். செம்மஞ்சள் ஓடு சாம்பல் நிறமாகி, நீர் வகையோடு நஞ்சு வகையும் சேர்ந்திருக்கிறது. அது திரிதல். ஒரு கொடுக்கு போய்விட்டது. அந்த இடத்தில் சின்னதாகப் புதுக் கொடுக்கு முளைக்கிறது, நிஜ நண்டுக்கு முளைப்பது போலவே. போனது கெடுதல். இலக்கணம் எதுவும் தெரியாமலே மூன்றையும் செய்திருக்கிறாள். ஆகவே வேரியண்டுக்குத் ‘திரிபு’, ரீஜனல் வேரியண்டுக்கு ‘வட்டாரத் திரிபு’ என்று முடிவு செய்தோம். வட்டார வழக்கு என்று நாம் ஏற்கெனவே சொல்கிறோம் இல்லையா? ‘என்ன’ என்பது காசிமேட்டில் ‘இன்னா’ ஆனதும் வட்டாரத் திரிபுதான், அதை யாரும் கெட்டுப்போன தமிழ் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதோடு இரண்டு சின்னச் சொற்கள். ‘ஷைனி’ என்பது நிறம் மட்டும் மாறிய அரிய வகை, 1999இல் வந்தது. அப்போது 8192இல் ஒன்றுதான் அப்படிக் கிடைக்கும், 2013 முதல் 4096இல் ஒன்று. ஜப்பானியர்கள் இதை ‘இரோ சிகாய்’, அதாவது ‘நிறம் வேறு’ என்கிறார்கள். நாம் ‘நிறத்திரிபு’ என்றால் முடிந்தது. அடுத்தது ‘எவல்யூஷன்’. ஒரே உயிர் தன் ஆயுளுக்குள்ளேயே வேறு உடம்பு எடுப்பதை விளையாட்டில் இப்படிச் சொல்கிறார்கள். இதைப் ‘பரிணாமம்’ என்று மொழிபெயர்க்கக் கூடாது. பரிணாமம் தலைமுறை தலைமுறையாக நடப்பது. புழு கூடு கட்டிப் பட்டாம்பூச்சி ஆவதற்கு ‘உருமாற்றம்’ என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. பூச்சி சேர்த்த மனிதரின் விளையாட்டுக்கு அதுதான் பொருத்தம்.

ஃபேக்மான் பற்றிச் சொல்லவில்லையே. விளையாட்டில் எங்குமே இல்லாத, ரசிகர்களே முழுதாகப் படைத்த உயிருக்கு அந்தப் பெயர். ஃபேக், போக்கிமான் இரண்டையும் ஒட்டவைத்த சொல். ‘போலிமான்’ என்றால் ஒலியும் ஒத்துவருகிறது, மாயமான் கதை தெரிந்த நமக்கு இன்னொரு பொருளும் கிடைக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். “போலின்னா டூப்ளிகேட்டு மாமா” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

‘போலி’ அப்படிப் பிறந்த சொல் இல்லை. ‘போல’ என்பதிலிருந்து வந்தது; ஒன்றைப் போல இருப்பது போலி. இலக்கணத்தில் போலி என்றால் எழுத்து மாறியும் பொருள் மாறாதது. நிலம், நிலன். ஐந்தை அஞ்சு என்கிறோமே, அது முற்றுப்போலி. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் போலி மருத்துவர், போலி நகை என்று தினமும் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த விளக்கம் போய்ச் சேராது. ஒரு சிறுமி வாரக்கணக்கில் உட்கார்ந்து யோசித்து வரைந்ததன் கீழே ‘போலி’ என்று எழுதி ஒட்ட எனக்கும் மனம் வரவில்லை.

இதற்கும் நன்னூலில்தான் விடை இருந்தது. நூல்களை அது முதல், வழி, சார்பு என்று மூன்றாக வகுக்கிறது. யாரையும் பின்பற்றாமல் எழுந்தது முதல்நூல். அதன் முடிவோடு ஒத்துப்போய், தான் வேண்டும் வேறுபாட்டையும் சொல்வது வழிநூல். முன்னோர் நூல்களோடு ஒரு பகுதி ஒத்து, மற்றதில் வேறுபடுவது சார்புநூல். பின்னால் வருகிறவன் செய்வது இழிவு என்ற எண்ணமே அந்தப் பகுப்பில் இல்லை. போக்கிமான் உலகத்தின் சட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாகப் பிறக்கும் உயிரைச் ‘சார்புரு’ என்று சொல்லலாம். சார்பு, உரு, இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த சொற்கள். அவளுக்கும் பிடித்திருந்தது. எந்த விளையாட்டையும் சாராமல் வரைவதை அவள் கூட்டாளிகள் ‘ஓசி’ என்கிறார்கள், ஒரிஜினல் கேரக்டர் என்பதன் முதலெழுத்துகள். ‘இது என் ஓசி’ என்றால் அவள் அம்மாவுக்கு இலவசமாகக் கிடைத்தது என்றுதான் கேட்கிறது. அதற்குத் ‘தன்னுரு’ என்று எழுதிக் கொடுத்தேன்.

கடைசியாக ஒன்று கேட்டாள். “கேம் காரங்க வரைஞ்சதுன்னு எங்க எழுதறது?” நூலின் சிறப்புப்பாயிரத்தில் சொல்ல வேண்டியவை எட்டு என்று நன்னூல் சொல்கிறது. முதலில் ஆக்கியோன் பெயர், அடுத்தது வழி. எழுதியது யார், அது எதன் வழியில் வந்தது. இந்த இரண்டையும் எழுதினால் யாருடைய உழைப்பும் மறையாது. சார்ட் அட்டை வாங்கி அளவாக வெட்டி, ஸ்கெட்ச் பேனாவில் எழுதினாள்:

எண்ணூர் கிராபி. வட்டாரத் திரிபு. நீர், நஞ்சு. வழி: கேம் ஃபிரீக், 1996.

மேலே முதல் வரியில் தன் பெயரைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதியிருந்தாள். அட்டையின் ஓரத்தில் இடம் மிச்சம் இருந்தது. அதில் இன்னும் நாலு காக்கா ஆழி வரைந்தாள்.