வீட்டுக்கு வரும் சுகர் மாத்திரை: யாருக்கு, எதுவரை?

‘சுகர் மாத்திரை அக்கா’ என்றால் எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் அவர். வீடு வீடாக வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்ப்பார். அளவு கூடுதலாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார். அங்கே டாக்டர் பார்த்து எழுதும் மாத்திரை, பிறகு மாதாமாதம் வாசலுக்கே வரும். காசு கிடையாது.

விரல் நுனியில் குத்திப் பார்க்கும் அந்த ஒரு சொட்டு ரத்தத்தை மட்டும் வைத்து நோயை முடிவு செய்ய மாட்டார்கள். சுகாதார நிலையத்தில் எடுக்கும் ரத்தத்தில் வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 200, அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம். இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோதான் சர்க்கரை நோய் என்று எழுதுவார்கள்.

வாசலுக்கு வரும் பையில் இருப்பது பெரும்பாலும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கான மாத்திரை. இந்த வகையில் உடம்பில் இன்சுலின் சுரக்கிறது, ஆனால் அது சரியாக வேலை செய்வதில்லை. மெட்ஃபார்மின் அந்த வேலையைச் சுலபமாக்கும். சாப்பாட்டோடோ சாப்பிட்ட உடனேயோ போட்டால் வயிற்றைப் புரட்டாது. கிளிமிபிரைடு வேறு ரகம். கணையத்தை நெருக்கி இன்சுலினைச் சுரக்க வைப்பது. அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வயலுக்குப் போனால் ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும்; வேர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். அப்போது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. பக்கத்து வீட்டுக்காரரிடம் ‘ஒரு சுகர் மாத்திரை’ கைமாற்று வாங்கக் கூடாது என்பது இதனால்தான்.

முதல் வகைக்காரருக்கு இந்த மாத்திரை எந்தப் பயனும் தராது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால், ஊசி போட்டே ஆக வேண்டும். ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. அதிகமும் பிள்ளைகளுக்கும் இளவயதினருக்கும் வருவது இது. திடீரென்று எடை குறைந்து, ஓயாமல் தண்ணீர் கேட்டு, இரவில் பலமுறை சிறுநீர் போகும் பிள்ளையை வைத்துக்கொண்டு தன்னார்வலர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கர்ப்பிணிகளுக்கு வழி தனி. 2007-லிருந்தே தமிழகத்தில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை உண்டு. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாலும் பரவாயில்லை. 140 ஆகிவிட்டால் முதலில் இரண்டு வாரம் சாப்பாட்டுக் கட்டுப்பாடு. அதற்கும் அடங்காவிட்டால் மருந்தோ இன்சுலினோ. குழந்தை பிறந்து ஆறு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். குழந்தையைப் பார்க்கிற மும்முரத்தில் பலர் விட்டுவிடுவது இந்த ஆறாவது வாரத்தைத்தான்.

இரண்டாம் வகைக்காரருக்கும் மாத்திரை போதாத காலம் வரலாம். டாக்டர் ஊசி என்றதும், ‘கடைசிக் கட்டம் வந்துவிட்டது’ என்று வீட்டில் அழுவதைப் பார்த்திருக்கிறேன். பல வருடத்தில் கணையம் களைத்துவிட்டது, அவ்வளவுதான். ஊசி போடுவதைவிட அதை அளந்து எடுப்பதில்தான் கவனம் தேவை. நம் ஊரில் குப்பியில் வரும் சாதாரண இன்சுலினில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கானது. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால், உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். சுகர் ஏன் இறங்கவில்லை என்று மண்டையைக் குழப்பும் முன் மூடியின் நிறத்தைப் பாருங்கள். குப்பியை ஃப்ரிட்ஜ் கதவில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் ஒரு சின்னக் கலயத்தில் வைக்கலாம்.

ஒரு மாதம் அக்கா வரவில்லையென்றால் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் சிகிச்சை நோட்டை எடுத்துக்கொண்டு நேராகச் சுகாதார நிலையத்துக்குப் போனால் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள்.