எவர்சில்வர் தொட்டிக்கு இரும்புக் கால்: விதி எதுவரை அனுமதிக்கிறது?

ஊறுகாய் கலக்கும் தொட்டிக்குப் பட்டறையில் விலை கேட்டால் இரண்டு விலை சொல்வார்கள். முழுக்க 304 ரக எவர்சில்வர் என்றால் ஒன்று. காலும் தாங்கு சட்டமும் சாதா இரும்பு என்றால் அதைவிடக் குறைவு. குறைந்த விலைக்குப் போனால் உணவுத் தொழில் உரிமத்துக்குச் சிக்கல் வருமா?

இதற்கான விடை, 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு உரிமம் மற்றும் பதிவு விதிமுறைகளின் நான்காம் அட்டவணையில் இருக்கிறது. உணவு படுகிற கருவியும் கலனும் அரிக்காத, உணவில் நச்சு சேர்க்காத, எளிதில் கழுவக்கூடிய பொருளால் ஆனவையாக இருக்க வேண்டும். காலில் உணவு படுவதில்லை என்பதால் இரும்புக் கால் வைக்கலாம்.

வம்பு தொடங்குவது ஒட்டுமிடத்தில். இரும்புக்கான சாதா வெல்டிங் ராடால் இரண்டையும் பற்றவைத்தால் ஒட்டு இறுகி, நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும்; விரிசல் விழும். இரும்பு கலந்து நீர்த்தாலும் தாங்கும் அளவுக்குக் குரோமியமும் நிக்கலும் கூடுதலாக உள்ள 309எல் ராடுதான் இதற்குரியது. கால்வனைஸ் குழாயைக் காலாக வைத்தால், ஒட்டுமிடத்தில் துத்தநாகப் பூச்சை முழுக்க நீக்கியாக வேண்டும். இல்லையென்றால் உருகிய துத்தநாகம் எவர்சில்வருக்குள் ஊடுருவிப் பிளந்துவிடும்.

நல்ல பட்டறைக்காரர் காலை நேரே தொட்டியில் ஒட்டமாட்டார். முதலில் ஒரு எவர்சில்வர் தகட்டைத் தொட்டியில் பற்றவைத்து, அதன்மேல் காலை வைப்பார். அப்போதும் தொட்டியின் உட்புறத்தில் வெப்பக் கறை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் அமிலப் பசை தடவி நீக்கச் சொல்லுங்கள். உப்பும் புளிப்பும் முதலில் அரிப்பது அந்த இடத்தைத்தான். இரும்பைத் தேய்த்த கிரைண்டிங் சக்கரத்தையே எவர்சில்வரிலும் வைப்பது, என் பார்வையில், தவறான ராடைவிடப் பரவலான குற்றம். ஒட்டிக்கொண்ட இரும்புத் துகள்கள் சில நாளில் துருப் புள்ளிகளாகக் கிளம்பும்.

ஆய்வில் அந்தத் துரு கண்ணில் பட்டால், உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி, உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலர் குறையைச் சரிசெய்யச் சொல்லும் மேம்பாட்டு அறிவிப்பு தரலாம். சரிசெய்யக் குறைந்தது 14 நாள் கிடைக்கும். அதற்குள் சரிசெய்யாவிட்டால் உரிமம் நிறுத்திவைக்கப்படலாம். சுகாதாரமற்ற முறையில் உணவு தயாரித்ததாக முடிவானால், 56ஆம் பிரிவு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கு இடமளிக்கிறது.

விலைப்புள்ளி வாங்கும்போதே ராடின் ரகத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.