தலையில் அடிபட்ட குழந்தைக்கு உடனே ஸ்கேன் தேவையா?

தலையில் அடிபட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் பெற்றோரில் பலர், நாங்கள் குழந்தையைத் தொட்டுப் பார்ப்பதற்குள் "ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாமே டாக்டர்?" என்று கேட்டுவிடுகிறார்கள். அந்தப் பதற்றம் நியாயமானது. ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் ஸ்கேன் எடுப்பது நல்ல மருத்துவம் ஆகாது. சி.டி. ஸ்கேனின் கதிர்வீச்சு வளரும் உடலைக் கூடுதலாகப் பாதிக்கும். அசையாமல் படுக்க மறுக்கும் சின்னக் குழந்தைக்குச் சில சமயம் மயக்க மருந்தும் கொடுக்க வேண்டியிருக்கும்.

யாருக்கு ஸ்கேன் தேவையில்லை என்பதை முடிவு செய்ய உறுதியான வழிகாட்டி இருக்கிறது. 'பிகார்ன்' என்ற வட அமெரிக்க ஆய்வுக் கூட்டமைப்பு, தலையில் அடிபட்டும் நினைவு நன்றாகவோ சற்றே மங்கியோ இருந்த 42,412 குழந்தைகளை ஆராய்ந்து, 2009இல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டது. அவர்களில் கவலைக்குரிய மூளைக்காயம் இருந்தது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே. அந்த ஒருவரைத் தவறவிடாமல் கண்டுபிடிப்பதே எங்கள் வேலை.

பெற்றோரை அதிகம் பயமுறுத்துவது நெற்றியில் முட்டையாக எழும் வீக்கம். என்னை நிறுத்தி வைப்பதோ வேறு வீக்கம். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையின் காதுக்கு மேலும் பின்மண்டையிலும் விரல் நுனிகளால் மெல்லத் தடவிப் பார்ப்பேன். முடிக்கு அடியில் மெத்தென்று, அழுத்தினால் உள்வாங்கும் வீக்கம் தட்டுப்பட்டால், அடியில் எலும்பு விரிசல் இருக்கக்கூடும். கண்ணுக்குத் தெரியாத இந்த வீக்கத்தைக் கை மட்டுமே கண்டுபிடிக்கும். மூன்று மாதத்துக்கும் குறைந்த சிசு என்றால் என் எச்சரிக்கை இன்னும் கூடும்.

பிறகு கேள்விகள். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது? இரண்டு வயதுக்குக் கீழ் சுமார் மூன்று அடிக்கு மேல், அதற்கு மேற்பட்ட வயதில் ஐந்து அடிக்கு மேல் என்றால் அது பலத்த அடி. விழுந்தவுடன் அழுததா, சில நொடிகள் நினைவிழந்ததா? எல்லாவற்றையும்விட, "குழந்தை எப்போதும்போல இருக்கிறதா?" என்ற கேள்விக்கு அம்மா சொல்லும் பதிலுக்கு நான் பெரிய மதிப்புத் தருகிறேன். அந்த ஆய்வும் அதை ஓர் அளவுகோலாகவே வைத்திருக்கிறது.

எப்படி அடிபட்டது என்று நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதைத் தயவுசெய்து தவறாக நினைக்காதீர்கள். இன்னும் புரளக்கூடத் தெரியாத சிசு தானாக விழுந்தது என்று சொல்லப்பட்டால், யாரேனும் அதைத் துன்புறுத்துகிறார்களா என்று பார்ப்பதும் எங்கள் கடமை.

ஐயம் இருந்தும் ஆபத்து அறிகுறி இல்லாதபோது, அடிபட்டதிலிருந்து நான்கு முதல் ஆறு மணி நேரம் மருத்துவமனையில் வைத்துக் கவனிப்போம். சும்மா உட்கார வைத்திருக்கிறார்கள் என்று பலர் வருந்துகிறார்கள். உண்மையில் அந்த நேரமே ஒரு பரிசோதனை. வரும்போது தோளில் துவண்டு கிடந்த குழந்தை, இரண்டு மணி நேரம் கழித்து என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுக்கும்போது எனக்குக் கிடைக்கும் உறுதி பெரிது. மாறாக, தூக்கக் கலக்கம் கூடினாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, ஸ்கேனுக்குத் தயங்கமாட்டேன். ஒரே ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டுக் குழந்தை விளையாடுகிறது என்றால் பெரும்பாலும் பயமில்லை.

வலிப்பு, எழுப்பியும் விழிக்காத மயக்கம், ஒரு கண்பாவை மட்டும் விரிதல், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிதல், கை கால் தளர்தல், உச்சிக்குழி புடைத்தல் ஆகியவற்றில் எதுவும் காத்திருக்க அனுமதிக்காது. அப்போது கழுத்தை அசையாமல் தாங்கி, மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் முதலில் சரிசெய்வோம். ஆக்சிஜனும் ரத்த அழுத்தமும் குறைந்தால், அடிபட்ட மூளை மேலும் சேதமடையும். ஸ்கேனும் நரம்பியல் அறுவை மருத்துவரும் அதற்கு அடுத்தபடியே.

வீட்டுக்கு அனுப்பும் குழந்தை தூங்கலாம். தூங்கவே விடக்கூடாது என்ற நம்பிக்கையால் களைத்த குழந்தையை வதைக்க வேண்டாம். மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும் இடையில் எழுப்பி, உங்களை அடையாளம் காண்கிறதா என்று பாருங்கள். தலைவலிக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் கூடாது. மூளை அதிர்ச்சி ஏற்பட்ட பிள்ளையை அதே நாளில் மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். ஓரிரு நாள் ஓய்வுக்குப் பிறகு, முதலில் பள்ளிக்கூடம், அறிகுறிகள் முழுவதும் அடங்கிய பிறகே ஓட்டமும் ஆட்டமும்.