'எனக்குக் கோபமே வராது' என்று டிக் அடிக்கலாமா?

கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போய்வந்த மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆளுமைச் சோதனை என்று நூற்றுக்கும் மேற்பட்ட வாக்கியங்களைக் கொடுத்தார்கள். அதில் ஒன்று, 'எனக்குச் சில சமயம் கோபம் வரும்'. வேலை கேட்டுப் போன இடத்தில் ஆமாம் என்றா சொல்வது? 'தவறு' என்று டிக் அடித்துவிட்டேன். சரிதானே சார்?"

இந்த வாக்கியம் எண்பது வருடத்துக்கும் மேல் பழையது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஹாத்வே என்ற உளவியலாளரும் மெக்கின்லி என்ற மருத்துவரும் சேர்ந்து உருவாக்கி, 1943இல் வெளியிட்ட எம்.எம்.பி.ஐ. என்ற, மனநோயைக் கண்டறிய உதவும் வினாத்தாளில் இருக்கிறது. அதற்கு முன்பெல்லாம், 'கூச்சக்காரன் இப்படித்தான் பதில் சொல்வான்' என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே யோசித்துக் கேள்வி எழுதினார்கள். கேட்பவர் என்ன எதிர்பார்க்கிறார் என்பது பதில் சொல்பவருக்கும் சுலபமாகத் தெரிந்துவிடும்.

இவர்கள் இருவரும் வேறு வழியில் போனார்கள். முதலில் ஆயிரம் வாக்கியங்கள் சேர்த்து, பாதியாகக் குறைத்தார்கள். மனநோய் என்று மருத்துவர்கள் உறுதிசெய்த நோயாளிகளிடம் அவற்றைக் கொடுத்தார்கள். அதே மருத்துவமனைக்கு யாரையோ பார்க்க வந்த உறவினர்கள், பார்வையாளர்கள் 724 பேரிடமும் கொடுத்தார்கள். இரண்டு கூட்டமும் எந்த வாக்கியத்துக்கு வேறு வேறு விதமாகப் பதில் சொல்கிறதோ, அந்த வாக்கியம் உள்ளே. ஏன் அப்படிச் சொல்கிறார்கள்? தெரிய வேண்டியதில்லை! முதல் வாக்கியமே இயந்திரங்களைப் பற்றிய பத்திரிகைகள் பிடிக்குமா என்பதுதான். இதற்கு எந்தப் பதில் 'நல்ல' பதில் என்று யாரால் ஊகிக்க முடியும்?

மாட்டுச் சந்தையில் சுழி பார்ப்பதும் இப்படித்தானே என்பீர்கள். சுழி உள்ள மாடு, இல்லாத மாடு இரண்டையும் வாங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்று கணக்கெடுத்துவிட்டுச் சுழி பார்த்தவரை நான் கண்டதில்லை. இவர்கள் எடுத்தார்கள்.

அப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஆள் நல்லவராக வேஷம் போட்டால்? அதற்கென்றே 15 வாக்கியங்களை ஆங்காங்கே தூவிவைத்தார்கள். சில சமயம் கோபம் வரும்; இன்று செய்ய வேண்டியதை நாளைக்குத் தள்ளுவேன்; கொஞ்சம் வம்பு பேசுவேன்; செய்தித்தாளின் எல்லாத் தலையங்கங்களையும் தினமும் படிப்பதில்லை. எல்லாம் எல்லோரிடமும் இருக்கிற சில்லறைக் குறைகள். ஒன்றிரண்டுக்குத் 'தவறு' போட்டால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பத்துப் பன்னிரண்டுக்குப் போட்டால், மற்ற பதில்களையும் நம்பலாமா என்று சந்தேகம் வரும். எதிர்த்திசையிலும் ஒரு வலை உண்டு: சாதாரணமாக யாரும் ஆமாம் சொல்லாத வாக்கியங்கள். படிக்காமலே டிக் அடிப்பவரும், நோயாளியாக நடிப்பவரும் அதில் சிக்குவார்கள்.

எம்.எம்.பி.ஐ. மருத்துவமனைக்கான கருவி. உங்களுக்குக் கொடுத்தது அதுவாக இருக்காது; ஆளை ஐந்து குணங்களில் அளக்கும் 'பிக் ஃபைவ்' வகையாக இருக்கலாம். 1936இல் ஆல்போர்ட், ஆட்பர்ட் என்ற இரு உளவியலாளர்கள் ஆங்கில அகராதியிலிருந்து மனிதர்களை வர்ணிக்கும் சுமார் 18,000 சொற்களைத் திரட்டினார்கள். ஒரே ஆளுக்கு எந்தச் சொல் எதோடு சேர்ந்தே பொருந்துகிறது என்று பின்னால் வந்தவர்கள் புள்ளியியல் போட்டுப் பார்த்துச் சுருக்கிச் சுருக்கி, புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனச்சஞ்சலம் என்று ஐந்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் வேஷத்தைப் பிடிக்கும் தந்திரம் வேலைக்கான சோதனைகளுக்கும் பரவிவிட்டது. அதனால் தம்பி, கோபம் வரும் என்றே டிக் அடித்திருக்கலாம். பரவாயில்லை, ஒன்றுதானே.

எனக்கு ஒரு குறை உண்டு. அந்த 724 பேரும் மினசோட்டாக்காரர்கள். பெரும்பாலும் சிற்றூர்வாசிகள், எட்டாம் வகுப்பு அளவில் படித்தவர்கள். 1989இல் 2,600 பேரை வைத்துத் திருத்தும்வரை அவர்கள்தான் அளவுகோல். அவர்களை வைத்து நம் ஊர்க்காரரை அளக்கலாமா? வாக்கியங்களைத் தமிழில் பெயர்க்கப் பெரிய செலவில்லை. தூத்துக்குடியிலும் தர்மபுரியிலும் ஆயிரக்கணக்கானவர்களிடம் கொடுத்து நமக்கான அளவுகோலைக் கட்டத்தான் காசும் வருடங்களும் வேண்டும். ராக்கெட் மாதிரிப் படம் பிடித்துக் காட்ட முடியாத இந்த வேலைக்குக் காசு கேட்டால் கொடுப்பவர் யார்?

என் தாத்தாவையே எடுத்துக்கொள்ளுங்கள். தலையங்கத்தை ஒரு நாளும் விட்டதில்லை. அதுவும் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். உண்மையைச் சொல்லியே பொய்க்கணக்கில் ஒரு மதிப்பெண் வாங்கியிருப்பார். கோபம் பற்றிய வாக்கியத்தில் மட்டும் பிழைத்திருப்பார். பேப்பர் வராத நாளில் அவர் பக்கத்தில் யாரும் போக முடியாது.