கரடி தேனை அறிந்ததா, தின்றதா?

ரஷ்ய நாட்டுப்புறக் கதை ஒன்றின் தமிழாக்கத்தில் மறுபடியும் கண்ணில் பட்டது: ‘மெத்வேத் என்றால் தேனை அறிந்தவன்.’ அடிக்குறிப்போடு விட்டிருந்தால் பொறுத்திருப்பேன். கதை முழுக்கக் கரடிக்கு ‘தேனறிவோன்’ என்றே பெயர்.

கரடிக்கு ரஷ்ய மொழியில் மெத்வேத், போலிஷில் நியெஜ்வியெச், ஹங்கேரியர் கடன் வாங்கியது மெத்வெ. ரஷ்யன், போலிஷ் முதலான ஸ்லாவிய மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டெடுத்த மூல வடிவம் *மெத்வேதி. எழுத்தில் கிடைக்காத சொல் என்பதற்குத்தான் அந்த நட்சத்திரக் குறி. ஆண்பால், இகர ஈற்றுப் பெயர். மெது என்றால் தேன், ஏத் என்றால் தின்.

‘அறிந்தவன்’ எங்கிருந்து வந்தது? ரஷ்யனில் ‘வேதத்’ என்றால் அறிதல். சொல்லை மெத் + வேத் என்று வெட்டினால் அந்தப் பொருள் வந்துவிடும். ரஷ்யர்களிலேயே பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். உக்ரைனில் எழுத்து இடம்மாறி ‘வெத்மித்’ ஆகிவிட்டதால் மயக்கம் இன்னும் கூடுகிறது. ஆனால் வெட்டிய இடம் தப்பு. அந்த வகரம் வினையுடையது அல்ல, தேனுடையது. மனு + அந்தரம் மன்வந்தரம் ஆவதைப்போல, உயிர் வந்ததும் மெதுவின் உகரம் வகரமாகத் திரிந்தது. நம் உடம்படுமெய்யும் இல்லை இது. ‘மதுவுண்டான்’ என்பதில் உகரம் அப்படியே நிற்கிறதே. சந்தேகம் இருந்தால், ஸ்லாவியத்துக்கு உறவு மொழியான சமஸ்கிருதத்தில் ரிக் வேதத்தைப் பாருங்கள்: மரத்தில் அமர்ந்து தேனுண்ணும் பறவைகளுக்கு ‘மத்வத’ என்று அடைமொழி. மது + அத், அதாவது தேன் + உண். அதே கட்டுமானம்.

கரடிக்கு இந்தச் சுற்றிவளைத்த பெயர் எதற்கு? கிரேக்க ஆர்க்டோஸ், லத்தீன் உர்சுஸ், சமஸ்கிருத ருக்ஷ எல்லாம் ஒரே பழஞ்சொல்லின் வழி வந்தவை. காட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் கரடி வந்துவிடும் என்ற அச்சத்தில் ஸ்லாவியர் அதைக் கைவிட்டிருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. இரவில் பாம்பைப் ‘பூச்சி’ என்கிறோமே, அதேதான்.

சரி, தமிழில் என்ன எழுதுவது? சொற்பிறப்பைச் சொல்லும் இடத்தில் ‘தேன்தின்னி’. எறும்புத்தின்னி என்று சொல்லிப் பழகிய காதுக்கு விளக்கமே தேவையில்லை. ‘அறிவோன்’ என்றால் ஏதோ ஞானம் வந்துவிட்டதாக மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு நினைப்பு. அகராதியைத் திறப்பதைவிட அது சுலபம் போல. கதைக்குள்ளோ தேன்தின்னிகூட வேண்டாம். மெத்வேத் என்று சொல்லும் ரஷ்யக் குழந்தை தேனை நினைப்பதில்லை. கரடி என்றே எழுதுங்கள்.